என் காரை அவர் கழுவிய ஆறு மாதங்கள்

நாற்பத்து மூன்று வயதில்தான் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். வீடு விழுப்புரத்தில், வேலை திண்டிவனத்தில். அங்கே ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் வேதியியல் நடத்துகிறேன். பல வருடங்கள் பாசஞ்சர் ரயிலிலும் பஸ்ஸிலும் நின்றுகொண்டே போய் வந்தேன். ஒருநாள் பஸ்ஸில் என் காலை மிதித்த ஆள், மிதித்துவிட்டு என்னையே முறைத்தார். அன்று சாயங்காலமே டிரைவிங் ஸ்கூலில் பேர் கொடுத்தேன். நான்கு மாதம் கழித்து, கருநீல நிறத்தில் ஒரு சின்ன கார் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது.

என் கணவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளும் ஆசையும் கிடையாது. அவர் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். எதைச் செய்வதானாலும் கோப்பு போட்டு, குறிப்பு எழுதி, ஒப்புதல் வாங்கிச் செய்தே பழகியவர். சாலையில் அதற்கெல்லாம் நேரம் கொடுக்க மாட்டார்கள் என்பதால் சாலை மீதே அவருக்கு ஒரு மனக்குறை உண்டு. கார் வந்த முதல் வாரம் முழுக்க, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆய்வுக்கு வந்த அதிகாரி போல அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். வீட்டுக்குள் பெரிதாக ஒன்று வந்திருக்கிறது, அதில் தனக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்பது அவரை உறுத்தியிருக்க வேண்டும். அது எனக்கு அப்போது தெரியவில்லை. தெரிந்திருந்தால் நானே ஏதாவது ஒரு சின்னப் பொறுப்பைக் கையில் கொடுத்திருப்பேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பக்கெட் தண்ணீர், கொஞ்சம் சோப்புத்தூள், அவருடைய பழைய பனியன் ஆகியவற்றோடு வாசலுக்கு வந்து காரைத் துடைக்க ஆரம்பித்தேன். பானெட்டில் ஒரு பக்கம்தான் முடிந்திருக்கும். வாயில் பேஸ்ட் நுரையோடு அவர் ஓடி வந்தார்.

"நிறுத்து. நிறுத்து. இன்னா பண்ணிக்கினு இருக்க?"

"கார் கழுவுறேங்க."

"இது கழுவுறதா? பெயிண்ட்ட கொல பண்ணிக்கினு இருக்க. கீழ வை அந்த பனியன."

நான் பனியனைக் கீழே வைத்தேன். அவர் அதை இரண்டு விரலால் தூக்கி வெயிலில் பிடித்து, அதில் ஒட்டியிருந்த ஒரு மணல் துகளைக் கண்டுபிடித்து, என் கண்ணுக்கு முன்னால் நீட்டினார். முந்தின இரவு முழுக்க அவர் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்ததன் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. அமெரிக்காவில் ஒரு மனிதர், எங்கள் வீட்டைவிடப் பெரிய ஒரு கார் ஷெட்டில் நின்று, மணிக்கணக்காகத் தன் காரைக் கழுவுவதை உலகத்துக்குக் காட்டுகிறாராம். அந்த மனிதர் பனியனைத் தொட மாட்டாராம்.

"ஓட்டுறது உன் டிபார்ட்மெண்ட். கழுவுறது இனிமே என் டிபார்ட்மெண்ட்," என்று சொல்லிவிட்டு அவர் வாய் கொப்பளிக்கப் போனார். ஒரு வேலை குறைந்ததே என்று நானும் சந்தோஷமாகவே உள்ளே போனேன்.

மறுநாள் ஒரு கோப்பு பிறந்தது. பச்சை நாடா கட்டிய, அலுவலகத்தில் இருக்கிற மாதிரியே ஒரு கோப்பு. மேலட்டையில் அவருடைய முத்து முத்தான கையெழுத்தில் "வாகனத் தூய்மை – பொது" என்று எழுதியிருந்தது. உள்ளே ஷாம்பு என்று ஒரு பக்கம், துணி என்று ஒரு பக்கம், பிரஷ் என்று ஒரு பக்கம். ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று கம்பெனிகளை ஒப்பிட்டு, மற்றவர்கள் இணையத்தில் எழுதிய கருத்துகளைச் சுருக்கி, கடைசியில் "பரிந்துரைக்கப்படுகிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அதற்குக் கீழே இன்னொரு கோடு போட்டு "அனுமதிக்கப்படுகிறது" என்று எழுதி, அதிலும் அவரே கையெழுத்துப் போட்டிருந்தார். அலுவலகத்தில் அவருக்கு வாய்க்காத சுகம் அது.

ஷாம்பு விஷயத்தில்தான் முதல் உரசல் வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: "கார் ஷாம்பு பி.எச். நியூட்ரலா இருக்கணும். இல்லன்னா வாங்கவே கூடாது."

"அப்படின்னா இன்னாங்க?" என்று கேட்டேன். வேண்டுமென்றேதான் கேட்டேன்.

அவர் சாம்பாரை ஓரமாகத் தள்ளினார். "அதாவது, ஒரு திரவத்துல அமிலம் இருக்கும். இல்லன்னா காரம் இருக்கும். ரெண்டும் இல்லாம நடுவுல இருந்தா அது ஏழு. உனக்குப் புரியிற மாதிரி சொல்லணும்னா, எலுமிச்சம்பழம் ஒரு பக்கம்னு வச்சிக்க..."

பத்தொன்பது வருடமாக நான் வருடத்துக்கு இரண்டு முறை கரும்பலகையில் எழுதிப் போடுகிற பாடம். அவர் எலுமிச்சம்பழத்திலிருந்து சலவை சோடாவரை வந்து சேரும்வரை நான் குறுக்கே பேசவில்லை. சாப்பாடு ரசத்துக்கு வந்ததும் கேட்டேன்: "இதெல்லாம் எங்க படிச்சீங்க?"

"அந்த அமெரிக்காக்காரர் சொன்னாரு. நல்லா வெளக்குறாரு."

ஷாம்பு வந்து சேர்ந்தது. புட்டியில் பெரிய எழுத்தில் நியூட்ரல் என்று போட்டிருந்தார்கள். நான் பள்ளி ஆய்வகத்திலிருந்து ஒரு பி.எச். தாளைக் கொண்டுவந்து, ஒரு சொட்டு ஷாம்புவைத் தண்ணீரில் கலந்து தொட்டுப் பார்த்தேன். தாள் நிதானமாக நீலத்துக்குப் போனது. ஒன்பதை ஒட்டி நின்றது. அவரிடம் காட்டினேன்.

தாளை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உன் பேப்பர் பழசா இருக்கும்."

"இந்த வருஷம் வந்ததுங்க."

"கவர்மெண்ட் சப்ளையா?"

"ஆமா."

"அதான்," என்றார், முப்பது வருடமாக அரசாங்கச் சம்பளம் வாங்குகிற மனிதர்.

அதன் பிறகு பொருள்கள் வரிசையாக வந்தன. கொரியர்காரர் எங்கள் வீட்டு மணியை அடிக்கிற விதத்திலிருந்தே அன்று வந்திருப்பது பிரஷ்ஷா புட்டியா என்று சொல்லுமளவுக்கு எனக்குப் பழகிவிட்டது. சக்கரத்துக்கு ஒரு பிரஷ். சக்கரத்தின் உள்பக்கத்துக்கு இன்னொன்று. ஏ.சி. காற்று வருகிற துவாரத்துக்கு, பெயிண்டர் வைத்திருப்பது போல மெல்லிசாக ஒன்று. கையில் மாட்டிக்கொள்ள, செம்மறி ஆட்டைத் தொடுவது போலப் புசுபுசுவென்று ஓர் உறை. பெயிண்ட்டில் ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்க, குழந்தைகள் விளையாடுகிற களிமண் போல ஒரு கட்டி. அடியில் சல்லடைத் தட்டு வைத்த இரண்டு பக்கெட்டுகள். ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் நல்ல தண்ணீர். அழுக்கு உறையை முதலில் நல்ல தண்ணீரில் அலசிவிட்டுத்தான் சோப்புத் தண்ணீரில் முக்க வேண்டும். இது ஒன்றில் மட்டும் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

துணிகள் தனிக் கதை. நீலம் கண்ணாடிக்கு. மஞ்சள் காரின் வெளி உடம்புக்கு. பச்சை உள்பக்கத்துக்கு. சாம்பல் சக்கரத்துக்கு. நிறம் மாறினால் தீட்டு. ஒருநாள் அவசரத்தில், அடுப்பில் பொங்கிய பாலை இறக்க, கொடியில் காய்ந்த ஒரு மஞ்சள் துணியை எடுத்துவிட்டேன். அவர் வாசலிலிருந்து பார்த்துவிட்டார்.

"அடியே! அது பாடி துணி! பாடி துணிய எடுத்தா பால் சட்டிய புடிக்கிற?"

தெருவே கேட்கிற குரல். அரை மணி நேரம் கழித்து எதிர்வீட்டு அக்கா வந்தார். அவர் வீட்டில் எப்போதும் ஏதாவது ஒரு தானியம் காய்ந்துகொண்டிருக்கும். அனந்தபுரம் பக்கத்தில் அவர்களுக்குச் சொந்த நிலம் உண்டு. வந்தவர் உள்ளே வராமல், கதவோரமாக நின்று, தாழ்ந்த குரலில் கேட்டார்: "டீச்சர், உங்க வூட்ல யாராச்சும்... தவறிட்டாங்களா? பாடின்னு சார் சொல்லிக்கினு இருந்தாரு."

கார் பாடி என்று விளங்க வைத்து அவரை அனுப்புவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

இவ்வளவு சாமான்களும் சேர்ந்து காரை எப்படி வைத்திருந்தன என்றால், அம்மை போட்டது போல வைத்திருந்தன. எங்கள் வீட்டில் போர் தண்ணீர். உப்பும் சுண்ணாம்பும் கலந்த கடினத் தண்ணீர். குளித்தால் தலைமுடி கயிறாகும், பாத்திரம் கவிழ்த்து வைத்தால் வெள்ளைத் திட்டு விழும். அந்தத் தண்ணீரை, பதினோரு மணி வெயிலில், கருநீலக் காரின் மேல் ஊற்றினால் என்ன ஆகும்? ஒவ்வொரு சொட்டும் காய்ந்து ஒரு வெள்ளைப் பொட்டாக நின்றது. கழுவுவதற்கு முன்னால் கார் அழுக்காக இருந்தது. கழுவிய பிறகு நோயாளியாக இருந்தது.

"முனிசிபாலிட்டி தண்ணி வர்ற அன்னிக்கி, காலைல வெயில் ஏறுறதுக்கு முன்னாடி கழுவுங்க. காயுறதுக்குள்ள துடைச்சிடுங்க. அவ்ளோதான்," என்றேன். "கால்சியம், மெக்னீசியம். ஆவியாகிப் போறது தண்ணி மட்டுந்தான். உப்பு அங்கயேதான் இருக்கும்."

"அது தற்காலிக ஏற்பாடு," என்றார். "இதுக்குன்னு ஒரு பொருள் இருக்கும்."

இருந்தது. பொட்டை எடுக்க ஒரு புட்டி வந்தது. அதில் இருந்தது அமிலம். சுண்ணாம்பு போனது, அதோடு பளபளப்பும் கொஞ்சம் போனது. பளபளப்பைத் திரும்பக் கொண்டுவர ஒரு மெழுகு டப்பா வந்தது. மெழுகு, பிளாஸ்டிக் ஓரங்களில் வெள்ளையாகப் படிந்தது. அந்த வெள்ளையைக் கறுப்பாக்க இன்னொரு புட்டி வந்தது. வேதியியலில் இதற்குத் தொடர்வினை என்று பெயர். வினைபடு பொருள்கள் தீரும்வரை நடக்கும். இங்கே அவை தீரவே இல்லை. கொரியர்காரர் கொண்டுவந்துகொண்டே இருந்தார்.

இந்த நேரத்தில்தான் என் தம்பி உள்ளே வந்தான். திண்டிவனத்தில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறான். மோட்டார் என்று பேர் வைத்த எதையும் தலையில் கட்டிக்கொள்கிற ஆள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய அட்டைப் பெட்டியோடு வந்து இறங்கினான்.

"மாமா, இன்னும் பக்கெட்ட வச்சிக்கினு இருக்கீங்களே. ப்ரெஷர் வாஷர் இல்லாம இன்னா மாமா டீடெய்லிங்கு? இந்தாங்க, என் அக்கா காருக்கு என் கிஃப்ட்டு."

தண்ணீரைத் துப்பாக்கி போலப் பாய்ச்சுகிற இயந்திரம். அதன் முனையில் நுரை அடிக்க ஒரு புட்டி. என் கணவருக்கு ஒரே சமயத்தில் மகிழ்ச்சியும் அவமானமும். கோப்பில் இல்லாத பொருள் ஒன்று, அவர் அனுமதி இல்லாமல் வீட்டுக்குள் வந்துவிட்டது. முனை எத்தனை அடி தூரத்தில் இருக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் தகராறு. நுரை கீழிருந்து மேலா, மேலிருந்து கீழா என்பதில் தகராறு. யார் காரோ அந்த நான், தின்ன என்ன இருக்கிறது என்று கேட்பதற்காக மட்டும் இரண்டு முறை வெளியே கூப்பிடப்பட்டேன்.

கடைசியில் தம்பி விசையை அழுத்தினான். நுரை காரில் பட்டது பாதி. மீதி, அன்று வீசிய பலத்த காற்றில் எழும்பி, தெருவைக் கடந்து, எதிர்வீட்டு அக்கா தார்ப்பாயில் பரப்பி வைத்திருந்த கேப்பை மேல் போய் மெத்தென்று இறங்கியது.

அக்கா வெளியே வந்தார். தன் கேப்பையைப் பார்த்தார். எங்கள் வீட்டு ஆண்கள் இருவரையும் பார்த்தார். "காருக்குத்தான் குளியல்னு பாத்தா, என் கேப்பைக்கும் தலைக்கு ஊத்திட்டீங்களா?" என்றார்.

"பி.எச். நியூட்ரல்தாங்க. ஒன்னும் ஆவாது," என்றார் என் கணவர்.

"அத்த நீங்க கூழா கரைச்சிக் குடிங்க, பாக்கறேன்," என்றார் அக்கா.

நானும் அக்காவும் உட்கார்ந்து அந்தக் கேப்பையை நான்கு தண்ணீர் அலசினோம். நான்காவது தண்ணீரிலும் நுரை வந்தது. பிறகு நாங்களே வேறு கேப்பை வாங்கிக் கொடுத்தோம். ஆண்கள் இருவரும் அதற்குள் சமாதானமாகி, நுரைப் புட்டியின் திருகைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இதுவரை நடந்ததெல்லாம் சிரிக்கக்கூடியவை. நானும் ஸ்டாஃப் ரூமில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அடுத்து நடந்ததை மட்டும் அப்படிச் சிரித்துச் சொல்ல முடியவில்லை.

பன்னிரண்டாம் வகுப்புக்குச் செய்முறைத் தேர்வு ஆரம்பிக்கிற திங்கட்கிழமை. அதற்கு முந்தின நாள் அவர் காரின் வெளிப்பக்கத்தை விட்டுவிட்டு, உள்பக்கத்தை எடுத்துக்கொண்டிருந்தார். டாஷ்போர்டு பாலிஷ் என்று புதிதாக ஒரு ஸ்பிரே. கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் உள்ளேயே இருந்தார். நான் விடைத்தாள்களோடு இருந்ததால் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

காலையில் கதவைத் திறந்தேன். ஐஸ்கிரீம் கடை வாசனை வந்தது. டாஷ்போர்டு, கதவின் உள்பக்கம், கியர் குமிழ் எல்லாம் எண்ணெய் தேய்த்த பாறை போல மின்னின. உண்மையாகவே அழகாகத்தான் இருந்தது. அவர் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்டி?"

"சூப்பரா இருக்குங்க," என்றேன். அவர் முகம் மலர்ந்தது.

ஸ்டியரிங் வழுக்கியது. முந்தானையால் துடைத்துக்கொண்டேன். தெரு முனையில் கிளட்ச்சில் கால் ஒருமுறை நழுவியது. செருப்பின் அடி தேய்ந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். நெடுஞ்சாலையில் காலை நேரத்தில் பிரேக்குக்கு வேலை இல்லை. விக்கிரவாண்டி டோல்கேட்டில்தான் வேலை வந்தது.

வரிசையில் எனக்கு முன்னால் ஒரு குட்டியானை மினி லாரி. பின்பக்கம் முழுக்க வேர்க்கடலை மூட்டை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை. மெதுவாகத்தான் போனேன். பிரேக்கை மிதித்தேன். கால் பிரேக்கில் இல்லை. சோப்பை மிதித்தது போல சர்ரென்று சறுக்கிப் பக்கவாட்டில் போய்விட்டது. மறுபடி மிதிப்பதற்குள் சத்தம் கேட்டது. பெரிய இடி இல்லை. ஆனால் மேலே கயிறு தளர்ந்திருந்த ஒரு மூட்டை, யோசித்து முடிவெடுத்தது போல மெதுவாகச் சாய்ந்து, என் பானெட்டின் மேல் விழுந்து தையல் பிரிந்தது. அந்தக் கருநீலப் பளபளப்பின் மேல் மண்ணும் மல்லாட்டையுமாகக் கொட்டியது.

நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அந்த இடத்தில் குட்டியானை இல்லாமல் ஒரு ஆள் கடந்து போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு மட்டும்தான் இருந்தது. 

குட்டியானையிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் இறங்கினார்கள். பனமலைப் பக்கத்திலிருந்து திண்டிவனம் மார்க்கெட் கமிட்டிக்கு மல்லாட்டை கொண்டு போகிறவர்கள். திட்டப் போகிறார்கள் என்று கண்ணாடியை இறக்கினேன்.

"இன்னாம்மா, பிரேக்கு புடிக்கலையா?" என்றார் அவர்.

"பிரேக் நல்லாத்தாங்க இருக்கு. கால் வழுக்கிடுச்சி. எக்ஸாம் டியூட்டி, ஸ்கூலுக்குப் போய்க்கினு இருக்கேன்." 

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்னை இறங்கச் சொன்னார். கதவைத் திறந்து, குனிந்து, பெடலை ஒரு விரலால் தொட்டார். விரலை முகர்ந்து பார்த்தார்.

"இன்னா டீச்சர் இது? வண்டிக்கு எண்ண தேச்சி வுட்டுக்கினு வந்திருக்கீங்க? யாரு பண்ண வேல?"

"எங்க வூட்டுக்காரரு."

"அவருதான் வண்டி ஓட்டுறாரா?"

"இல்லைங்க. அவருக்கு ஓட்டத் தெரியாது."

அந்த அம்மா தன் கணவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் ஏனோ தலையைக் குனிந்துகொண்டு மல்லாட்டையை வாரத் தொடங்கினார். அந்த அம்மா பிரிந்த மூட்டையின் அடியிலிருந்து ஒரு கை மண்ணை அள்ளி, மூன்று பெடல் மேலும் வைத்து, உள்ளங்கையால் அரக்கித் தேய்த்தார். பழந்துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் மண் வைத்துத் தேய்த்தார். பிறகு என் செருப்புகளைக் கழற்றச் சொல்லி, அடியிலும் தேய்த்தார்.

"இப்ப மிதிச்சிப் பாருங்க."

மிதித்தேன். கால் நின்றது.

பின்னால் ஹாரன்கள் அலறின. மூன்று பேருமாகப் பானெட்டிலிருந்து மல்லாட்டையை வாரி மூட்டையில் போட்டோம். அவர்கள் வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. என் பம்பர் ஒரு பக்கம் கழன்று தொங்கியது. பானெட்டில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்கள். மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"அட, மனுசாளுக்கு ஒன்னும் ஆவல, வுடுங்க. ஜல்தி ஏறுங்க, பின்னால பேஜாரு பண்றானுங்க," என்று சொல்லிவிட்டு, அந்த அம்மா என் மடியில் இரண்டு கை மல்லாட்டையைப் போட்டுவிட்டுப் போனார்.

அன்று ஆய்வகத்தில் பிள்ளைகள் அமிலத்தையும் காரத்தையும் சொட்டுச் சொட்டாக விட்டுத் தரம்பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மாணவி, "டீச்சர், உங்க புடவைல மல்லாட்டைத் தோலு ஒட்டிக்கினு இருக்கு," என்றாள். அதைத் தட்டிவிட்டு, தண்ணீர் குடித்து உட்கார்ந்துகொண்டேன்.

சாயங்காலம் நான் திரும்பியபோது அவர் வாசலில் நின்றிருந்தார். பம்பரைப் பார்த்தார். பானெட்டைப் பார்த்தார். பக்கத்தில் வந்து, ஒரு கீறலில் நகத்தை வைத்து ஆழம் பார்த்தார்.

"யாரு மண்ணு கொட்டினது? இந்த மண்ணோட எவனோ துடைச்சிருக்கான். பெயிண்ட்டுக்கு மேல இருக்கற கிளியர் கோட் போச்சு," என்றார்.

நான் காரைவிட்டு இறங்கவில்லை. "பிரேக் பெடலுக்கு பாலிஷ் போட்டீங்களா?" என்று கேட்டேன்.

"போட்டேன். கறுப்பு ரப்பர்ல அழுக்கு தெரிஞ்சிது. அத்த மட்டும் வுட்டா நல்லா இருக்காதேன்னு..." பாதியில் நின்றுவிட்டார்.

நடந்ததை முழுதாகச் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. கடைசியில் ஒன்று மட்டும் கேட்டேன்: "ஆறு மாசமா எதுக்கு எத்த பூசணும்னு படிக்கிறீங்க. எதுக்கு பூசக்கூடாதுன்னு ஒரு நாளாச்சும் படிச்சீங்களா?"

அவர் உள்ளே போய் அந்த ஸ்பிரே புட்டியை எடுத்து வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, புட்டியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பின்பக்கத்தைப் படித்தார். நீண்ட நேரம் படித்தார். பிறகு என்னிடம் நீட்டினார். ஸ்டியரிங், பெடல், சீட் ஆகியவற்றில் உபயோகிக்க வேண்டாம் என்று பொடி எழுத்தில் இருந்தது. அலுவலகத்தில் ஒரு கமா விட்டுப்போனாலும் கோப்பைத் திருப்பி அனுப்புகிறவர் அவர்.

"எழுதியிருக்கான்," என்றார்.

என்னை இறங்கச் சொல்லிவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். ஆறு மாதத்தில் அந்த இருக்கையை எத்தனையோ முறை துடைத்திருக்கிறார். அதில் உட்கார்ந்து சாலையைப் பார்த்தது அன்றுதான். காலைப் பிரேக் பெடலில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். அவர் செருப்பில் மண் ஒட்டியதை அவர் தட்டவில்லை.

"நீ போயிருந்தா," என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.  அன்று அவர் சாப்பிடவில்லை. கோபமாக இருந்த நானும், கொஞ்ச நேரம் கழித்து, ஒரு டம்ளர் மோராவது குடிக்கச் சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் அந்தச் சாமான்கள் அடுக்கியிருந்த அலமாரியைத் திறந்து உட்கார்ந்தேன். எது இருக்கும், எது போகும் என்பதை நான் முடிவு செய்வேன் என்று சொல்லிவிட்டேன். அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, கையில் பேனாவோடு உட்கார்ந்தார்.  இரண்டு பக்கெட்டும் இருக்கட்டும். கையுறை இருக்கட்டும். சக்கரத்துக்கு ஒரே ஒரு பிரஷ். நான்கு துணி, எந்த நிறமானாலும் சரி, துவைத்திருந்தால் போதும். ஷாம்பு ஒன்று, அதுவும் நானே தாள் வைத்துப் பார்த்து ஏழுக்குப் பக்கத்தில் நின்ற ஒன்று. அதைத் திண்டிவனத்தில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் அலமாரியின் அடித்தட்டில் கண்டெடுத்தேன். கடைக்காரர், "இத்த யாரும் கேக்க மாட்டாங்கம்மா, வாசனையே இல்ல," என்று வருத்தத்தோடு தூசி தட்டிக் கொடுத்தார். உள்பக்கத்துக்கு ஈரத்துணி மட்டும். மற்றவை எல்லாம் அட்டைப் பெட்டியில் கட்டப்பட்டு, ப்ரெஷர் வாஷரோடு சேர்த்து, தம்பியிடம் திரும்பிப் போயின. அவன் அவற்றைக் கடையில் வைத்து விற்கப் பார்த்தான் என்றும், ஒருவர் நுரைப் புட்டியைச் செடிக்கு மருந்தடிக்க வாங்கிப் போனார் என்றும் கேள்வி.

முனிசிபாலிட்டி தண்ணீர் வருகிற நாளில், வெயில் ஏறுவதற்கு முன்னால், அவர்தான் இப்போதும் காரைக் கழுவுகிறார். காய்வதற்குள் துடைத்துவிடுகிறார். வெள்ளைப் பொட்டு விழுவதில்லை. கீறல்களை அப்படியே விட்டுவிட்டோம். பாலிஷ் போட்டு எடுத்துவிடலாம் என்று பம்பரை மாட்டிக் கொடுத்த மெக்கானிக் சொன்னார். அந்தச் சொல்லைக் கேட்டதுமே இருவரும் சேர்ந்தாற்போல் வேண்டாம் என்றோம்.

எல்லாம் அடங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். போன மாதம் மத்தியானத்தில் ஒரு போன் வந்தது. அவர் அலுவலக ஜீப்பின் டிரைவர்.

"மேடம், தப்பா நெனச்சிக்காதீங்க. சார்கிட்ட நீங்கதான் கொஞ்சம் சொல்லணும்."

"இன்னா ஆச்சு?"

"பதினெட்டு வருசமா இந்த ஜீப்ப நாந்தான் கழுவிக்கினு வர்றேன். இப்ப ரெண்டு பக்கெட்டு வாங்கி வச்சிட்டு, எதுல எத்த முக்கணும்னு கிளாஸ் எடுக்கறாரு மேடம். கோப்பு ஒன்னு போட்டிருக்காரு. ஜீப்பு கழுவுறதுக்கு முன்னாடி நான் அதுல கையெழுத்து போடணுமாம். கழுவுனப்புறம் ஒரு கையெழுத்தாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் கேட்டேன்: "உள்ள ஏதாச்சும் பூசறாரா?"

"அய்யய்யோ, இல்ல மேடம். பெடலு கிட்ட யாராச்சும் துணி எடுத்துக்கினு போனாலே கத்துறாரு. ஜீப்பு முழுக்க இப்ப தூசி தங்குற ஒரே எடம் அந்த மூனு பெடலுதான் மேடம். அத்த தொடக்கூடாதுன்னு மெமோ போட்டிருக்காரு."

"அப்ப கையெழுத்து போட்டுடுங்க," என்றேன்.